மாற்று வீடு

கடந்த ஏழு நாட்களில் உங்கள் வீட்டில்
எத்தனை கிராம் மீன் சாப்பிட்டீர்கள்?

இனயம் புத்தன்துறை.
கருங்கல் தடுப்பைத் தாண்டித் தெறித்த உப்புநீரை
டேப்லெட்டின் முகத்திலிருந்து துடைத்தபடி கேட்கிறேன்.
பிரகாசி சிரிக்கிறாள்.
"கிராமிலயா பிள்ள கேக்குத?"

தடைக்காலம். ஏசுவடிமை வேலைபார்க்கும் விசைப்படகு
தேங்காப்பட்டணத்தில் கட்டிக் கிடக்கிறது.
செவ்வாயன்று அடுத்த வீட்டு வள்ளத்தில் சாளை பட்டது,
ஒரு கை அள்ளிக் கொடுத்தார்கள்.
ஒரு கை எத்தனை கிராம் என்று கையேட்டில் இல்லை.
பிரகாசியின் கையைப் பார்த்து இருநூறு போட்டேன்.
அள்ளியது அவள் கை இல்லையே என்று
முந்நூறாக்கினேன்.
சும்மா வந்ததற்கும் விலை போட வேண்டும்.
ரேஷன் அரிசிக்குச் சந்தை விலை போட்டதும்
திரைக்குள் பிரகாசி ஒரு படி ஏறினாள்.
வெளியே, உலைமூடியை நகர்த்தி வைத்தாள்.

மகன் ஷிபின் சார்ஜாவில்.
ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவர்
குடும்ப உறுப்பினர் அல்லர். அழித்தேன்.
"எனக்க மோன என்னத்துக்கு அழிக்குத?"
அவன் அனுப்பும் பணத்துக்கு
வேறு பக்கம் இருக்கிறது என்றேன்.
எட்டுப் பேர் படுக்கும் அவன் அறைக்கு
என்னைப்போல் ஒருத்தி டேப்லெட்டோடு போவாளா,
தெரியவில்லை.

நாகர்கோவிலில் மூன்று நாள் பயிற்சி.
பலகையில் சாய்வாக ஒரு கோடு இழுத்தார் பயிற்றுநர்:
எல்லோருக்கும் ஒரேபோல் கிடைத்தால் இது.
அதன் இரண்டு முனையிலும் முடிந்து
தொட்டில்போல் ஒரு வளைவைத் தொங்கவிட்டார்:
கிடைப்பது இது.
தொட்டில் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு ஏற்றத்தாழ்வு.
உலகத்துக்கெல்லாம் ஒரே வறுமைக்கோடு,
நாளொன்றுக்கு இத்தனை டாலர்.
அதை அவ்வப்போது நகர்த்துவார்கள்,
பாயில் புரண்டுகூடப் படுக்காத கோடிப் பேர்
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவார்கள்.
டாலரை அப்படியே ரூபாயாக மாற்றக்கூடாது,
இங்கே அதே காசுக்குக் கூடுதல் கிடைக்கும் என்றார்.
இங்கே என்றால் எங்கே சார்?
கரையில் சாளைக்கு ஒரு விலை, கருங்கல் சந்தையில் ஒரு விலை,
திருவனந்தபுரத்தில் கேட்கவே வேண்டாம்.
டீ குடித்துவிட்டு வருவோம் என்றார்.

பட்டியலில் ஏழாவது வீடு
கருங்கல் போகும் ரோட்டில். மூன்று மாடி.
முதல் நாள் நாய்.
இரண்டாம் நாள் கேட்டில் பதித்த ஸ்பீக்கர்:
"மேடம் இல்ல."
மூன்றாம் நாளும் அதே குரல்,
மாடியில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.
மூன்று முறை திறக்காவிட்டால் மாற்று வீடு எடுக்கலாம்.
அதே தரத்தில் எடுக்க வேண்டும் என்பது விதி.
மாசக் கடைசி, கிடைத்ததைப் போடு
என்பது மேற்பார்வையாளர் ரெஜி.

கிடைத்தது வாய்க்கால் கரையில் ஓட்டு வீடு.
ஜெசிந்தா, வயது நாற்பத்தொன்று, வீட்டுவேலை.
அவள் வாய் திறந்ததும் தெரிந்துவிட்டது.
"நாந்தான். சொல்லச் சொன்னாவ, சொன்னேன்."
ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

அவள் வீட்டுக் கணக்கு பதினெட்டு நிமிடத்தில் முடிந்தது.
மேடம் வீட்டுக் கணக்கு அவளுக்கு மனப்பாடம்:
வாரம் ரெண்டு கிலோ நெய்மீன்,
நாய்க்கு மட்டும் மாசம் ஆறாயிரத்துக்குத் தீனி,
"எனக்க சம்பளத்த விட ஐநூறு கூடுதல், அதயும் எழுதட்டா?"
அதற்குக் கட்டம் இல்லை அக்கா.

ஆக, ஏழாம் வீட்டின் இடத்தில்
ஏழாம் வீட்டின் பாத்திரம் கழுவுபவள்.
எங்கோ ஒரு பலகையில்
தொட்டில் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும்.

எனக்கு ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி,
திறந்த வீட்டுக்கு மட்டும்.
வீட்டுக்குப் போக இலவச பஸ்.
யாராவது என்னை எண்ண வந்தால்
அந்த டிக்கெட்டுக்கும் விலை போடுவார்கள்.

குருசடி முக்கில்தான் சிக்னல் கிடைத்தது.
அனுப்பும் முன் குறிப்புகள் என்று ஒரு பெட்டி,
இருநூற்றைம்பது எழுத்து வரை இடமுண்டு.
ஏழாம் வீட்டுக்கு நேராக எழுதினேன்:
வீட்டில் ஆள் இருந்தார்கள்.